மாசிக் குளிரில் கெளுத்தி எங்கே போய் ஒளிகிறது?

சேலத்துத் தூண்டில்காரர்களே, ஒரு யோசனை சொல்லுங்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகப் பூலாம்பட்டியில், நெரிஞ்சிப்பேட்டைக்குப் படகு போகும் துறைக்குச் சற்றுத் தள்ளி, காவிரிக் கரையில் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறேன். ஐப்பசியில் கெளுத்தி தாராளமாகக் கிடைத்த அதே இடம்தான். மாசி பிறந்தும் விடியற்காலைத் தண்ணீர் சில்லென்றே இருக்கிறது.

மீனின் உடல்சூடு தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்குவது. குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், இரை தேடுவதும் குறையும். அதுவரை புரிகிறது. ஆனால் அது ஒதுங்குவது ஆழமான மடுவிலா, வெயில் பட்டுச் சீக்கிரம் சூடேறும் கரையோரத்திலா? விடியலை விட்டுவிட்டு மதியம் மூன்று மணிக்கு மேல் போனால் பலன் உண்டா?

இரையிலும் குழப்பம். மண்புழுவைப் பொடி மீன்கள் கொறித்தே தீர்த்துவிடுகின்றன. மீசையிலேயே ருசி அறியும் மீனுக்குக் கோழிக்குடல்தான் சரி என்கிறார் மாமா. அதை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்து நான் வாங்கிய திட்டு தனிக்கதை. ஈயக்குண்டு கட்டி அடியில் கிடத்துகிறேன். தூண்டில் நரம்பு லேசாக அசைகிறது, உடனே சுண்டினால் ஒன்றுமில்லை. சிறிய முள்ளுக்கு மாறவா, பொறுத்துச் சுண்டவா?

வெறுங்கை என்றேன் அல்லவா? உண்மையில் சாண் நீளத்தில் ஒன்று சிக்கியது. கழற்றும்போது துடுப்பு முள்ளால் கட்டைவிரலைக் குத்திவிட்டு ஆற்றில் குதித்துவிட்டது. வீக்கம் இன்னும் வடியவில்லை.

மேட்டூர்ப் பக்கம் பிடிப்பவர்கள் இருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.