இடுப்பு முந்தட்டும், தோள் பின்தங்கட்டும்: பேஸ்பால் ஸ்விங்கில் (பேட் வீச்சில்) உடல் சுழற்சி

"உடம்பைத் திருப்பி அடி" என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் பலரும் இடுப்பையும் தோளையும் ஒரே பலகைபோல் சேர்த்துத் திருப்பிவிடுகிறார்கள். வேகம் அங்கேதான் போகிறது. முன்பாதம் (பந்து எறிபவர் பக்கமுள்ள காலின் பாதம்) பதிந்து எடை அதன்மேல் ஏறத் தொடங்கியதும் இடுப்பு திரும்ப வேண்டும்; அந்த நொடியில் தோளும் கையும் இன்னும் பின்னாலேயே இருக்க வேண்டும். விலாப்பக்கத் தசைகள் இழுபட்டு, அந்த இழுப்பில் மார்பு சுழலும். பிறகு கை, கடைசியில் பேட். ஒன்று உச்ச வேகத்தைத் தொட்டுத் தணியும்போதுதான் அடுத்தது வேகம் பிடிக்கும். ஆகவே இடுப்புக்கு நிற்கவும் தெரிய வேண்டும்.

அதை நிறுத்துவது முன்கால். பதியும்போது முழங்கால் சற்று மடங்கியிருக்கலாம். பேட் பந்தைத் தொடும்போது ஏறக்குறைய நேராக விறைத்திருக்க வேண்டும். மடங்கியபடியே முன்னால் போனால் உடம்பு சுழலாமல் நகரும். தலையும் கூடவே நகர்வதால் பந்தின் உயரத்தைக் கண் தவறாகக் கணிக்கும்.

—

முன்காலோடு இதையும் பாருங்கள்: பாதம் எந்தக் கோணத்தில் பதிகிறது? விரல்கள் நேராக பிட்ச்சரை (பந்து எறிபவரை) நோக்கிப் பதிந்தால் இடுப்பு அப்போதே திறந்துவிடும், தோளும் அதோடு சேர்ந்தே திரும்பிவிடும். சுமார் 45 பாகை போதும். தோள் முந்துகிறதா என்று அறிய டீயை (பந்தை நிறுத்திவைக்கும் தாங்கியை) பிளேட்டின், அதாவது அடிப்பவருக்கு முன்னால் தரையில் பதித்த தட்டின், வெளிப்பக்கம், நடுப்பகுதிக்கு நேராக வையுங்கள். வலக்கை ஆட்டக்காரர் அடிக்கும் பந்து வலது அவுட்ஃபீல்டை (வெளிமைதானத்தை) நோக்கிப் போனால் சரி. ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஆட்டக்காரர்) பக்கம் தரையில் உருண்டுகொண்டே இருந்தால் தோள் முந்திவிட்டது. கையைத் திருத்திப் பயனில்லை.

—

பின்பாதத்தைத் தரையில் அழுத்தித் திருகச் சொல்வது பழைய பாடம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இடுப்பு சரியாகத் திரும்பினால் பின்குதிகால் தானே எழும். பலருக்குப் பாதம் முன்னோக்கி இழுபடும், சிலருக்குத் தரையைவிட்டே எழும்பும். வலிந்து திருகினால் எடை பின்காலிலேயே தங்கிவிடுகிறது. பாதம் திரும்புவது விளைவுதான், காரணம் அன்று.

—

நேரக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிட்ச்சரின் மேட்டிலிருந்து பிளேட் வரை 18.44 மீட்டர். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து சுமார் 0.4 நொடியில் வந்துசேரும். ஸ்விங்குக்கே ஏறத்தாழ 0.15 நொடி போய்விடும். முன்பாதம் தாமதமாகப் பதிந்தால் மேலே சொன்ன வரிசைக்கு இடமே இல்லை, கை மட்டும்தான் வீசும். காலை முன்கூட்டித் தூக்கி, மெதுவாக வையுங்கள்.

பயிற்சிக்கு: ஒரு கோலை மார்புக்குக் குறுக்கே தோள்மேல் அணைத்துப் பிடித்து, காலை வைத்துத் திரும்புங்கள். எதிரே நிற்பவர் பெல்ட் பக்கிளையும் கோலின் நுனியையும் பார்க்கட்டும். பக்கிள் முதலில் அசைய வேண்டும். அது பழகியபின் 2 கிலோ மெடிசின் பந்தைப் (உடற்பயிற்சிக்கான கனமான பந்தை) பக்கவாட்டில் நின்று சுவரில் எறியுங்கள், பக்கத்துக்கு 8 முறை. எறியும் வேகம் குறையத் தொடங்கினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். களைத்த உடம்பு இடுப்பையும் தோளையும் மறுபடி ஒன்றாகவே திருப்பும்.