போர்ட்டோவிலிருந்து வலென்சா, துய்: முதலில் எந்தக் கரை?

பயணப்பை:
போர்ட்டோவில் தங்கும்போது ஒரு நாள் மின்யோ ஆற்றங்கரைக்குப் போக எண்ணம். இந்தக் கரையில் போர்ச்சுகலின் வலென்சா கோட்டை, எதிர்க்கரையில் ஸ்பெயினின் துய். கையில் சிங்கிள் என்ட்ரி ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது, ஒருமுறைதான் நுழையலாம்). அம்மாவுக்கு முழங்கால் வலி. பாலத்தை நடந்து கடக்கலாமா? முதலில் எந்த ஊர்? சைவச் சாப்பாடு?

ஆற்றோரம்:
விசா கவலை வேண்டாம். இரண்டுமே ஷெங்கன், ஆற்றைத் தாண்டுவது புது என்ட்ரி ஆகாது. ஒரிஜினல் பாஸ்போர்ட் மட்டும் கையில் இருக்கட்டும்.

முதலில் துய்தான். ஸ்பெயின் கடிகாரம் 1 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வலென்சாவை முடித்துவிட்டு 1 மணிக்குப் பாலம் ஏறினால், அக்கரையில் இறங்கும்போது 2 தாண்டிவிடும். அந்நேரம் அடைக்கிற கடைகள் 5 மணி வாக்கில்தான் திறக்கும். காலையிலேயே துய் போய்விட்டால், திரும்பும்போது இழந்த ஒரு மணி நேரம் கைக்கு வந்துவிடும். ஆற்றோரத்தில் போன் எதிர்க்கரை டவரைப் பிடித்து நேரத்தைத் தானே மாற்றும். ரயில் நேரம் குழம்பிவிடும். ஆட்டோமேட்டிக் நேரத்தை அணைத்து, போர்ச்சுகல் நேரத்திலேயே வையுங்கள்.

போர்ட்டோவின் கம்பன்யா ஸ்டேஷனிலிருந்து ஸ்பெயினின் விகோ நகரத்துக்குப் போகும் செல்டா ரயில் வலென்சாவில் நிற்கும், துய்யில் நிற்காது. டிக்கெட் எடுக்கும்போது ஊர்ப் பெயரைப் பாருங்கள்: ஸ்பெயினின் வலென்சியா வேறு, அது மத்தியதரைக் கடலோரம்.

பாலம் 1886-இல் திறந்த இரும்புப் பாலம். மேல்தளத்தில் ரயில், கீழே கார்கள், ஓரத்தில் நடைபாதை. தாராளமாக நடக்கலாம். கோட்டையிலிருந்து துய்யின் கதீட்ரல் (பேராலயம்) சுமார் 3 கிலோமீட்டர். அம்மாவை வலென்சா ஸ்டேஷனிலிருந்து டாக்ஸியில் கதீட்ரல் வாசலில் இறக்கிவிட்டால் அப்புறம் இறக்கம்தான், நடந்தே திரும்பலாம்.

கருங்கல்:
கடைசி வரியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. முழங்கால் வலிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் மோசம். துய் சந்துகள் முழுக்கக் கருங்கல் படிகள், மழை பெய்தால் வழுக்கும். பாலம் தாண்டியதும் கோட்டைக்கு மறுபடி ஏற வேண்டும். அம்மாவுக்குத் திரும்பவும் டாக்ஸியே நல்லது. கோட்டைக்குள் கடைத்தெருவரை அவர் வரட்டும்; துண்டு, மேசைவிரிப்பு வாங்க அதுதான் இடம். மதில்மேல் ஏற வேண்டாம், பல இடங்களில் கைப்பிடி கிடையாது.

கதீட்ரலுக்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். வெளியே பார்த்தால் கோயில் மாதிரியே இருக்காது, மதில் பற்களோடு கோட்டையாகத்தான் நிற்கும். எல்லை ஊரில் அதற்கும் சண்டை வேலை இருந்தது. உள்ளே தலைதூக்கிப் பாருங்கள்: தூண்கள் சாயாமலிருக்க, இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் இடையே கனத்த கல் உத்திரங்களை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு தோட்டத்துப் பக்கம் போனால் எதிரே வலென்சா முழுதாகத் தெரியும். அந்த ஊரின் பழைய பெயர் கொன்த்ராஸ்தா, அதாவது 'எதிரே நிற்பது'. பொருள் அங்கே நின்றால்தான் புரியும்.

பயணப்பை:
டாக்ஸி முடிவு. சாப்பாடு?

ஆற்றோரம்:
இறக்கம் பற்றிக் கருங்கல் சொன்னதே சரி.

சூப்பில் கவனம். போர்ச்சுகலின் கால்தோ வெர்தே கீரை சூப்தான், ஆனால் பன்றி சாசேஜ் துண்டு போடுவார்கள். 'செம் ஷோரிசோ' (சாசேஜ் இல்லாமல்) என்று சொன்னாலும் முன்பே சேர்த்துக் கொதிக்கவைத்திருக்கலாம். துய்யில் கிடைக்கும் கால்தோ காயேகோ என்ற சூப்பில் பன்றிக் கொழுப்பு கரைந்தே இருக்கும், வேண்டாம். பொரித்த பாத்ரோன் மிளகாய் (சின்னப் பச்சை மிளகாய்), ரொட்டி பயமில்லை. சாலட்டில் டூனா மீன் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். முட்டை சாப்பிடுவீர்களென்றால் உருளைக்கிழங்கு தோர்த்தியா (ஸ்பானிய ஆம்லெட்).

துய்யில் அடைபட்டு வாழும் கன்னியர் மடத்தில் மீன் வடிவ பாதாம் பிஸ்கட் விற்பார்கள். ஆளைப் பார்க்க முடியாது. சுவரிலுள்ள சுழல் மரப்பெட்டியில் காசை வைத்தால், அது சுழன்று பொட்டலத்தோடு திரும்பும். சில்லறை கொண்டுபோங்கள், கார்டு எதிர்பார்க்காதீர்கள்.