கந்தப்பளையில் ஆலங்கட்டியைத் தடுக்க விமானம் கேட்கலாமா?

கந்தப்பளை மரக்கறித் தோட்டம் (கேள்வி)

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு நுவரெலியா மலையில் எங்கள் பக்கம் ஆலங்கட்டி மழை கொட்டியது. கால் மணி நேரந்தான். அதற்குள் அரை ஏக்கர் கோவா (முட்டைக்கோஸ்) சல்லடையாகிவிட்டது. லீக்ஸ் கழுத்தோடு முறிந்து கிடக்கிறது. நெல்லிக்காய் அளவுக் கட்டிகள் பாத்திகளுக்கு நடுவே குவிந்து மாலை ஐந்து மணி வரை கரையவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் வெட்டித் தம்புள்ளைச் சந்தைக்கு ஏற்றியிருக்க வேண்டிய கோவா அது. உரக்கடைக் கடன் அப்படியே நிற்கிறது.

மகன் ஒரு காணொளி காட்டினான். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் சிறிய விமானங்கள் இறக்கையில் மருந்துக் குழல்களைக் கட்டிக்கொண்டு இடிமேகத்துக்கு அடியில் பறக்கின்றன. வயல்களில் ஆலங்கட்டி குறையவும் மழை கூடவும் கோடைதோறும் இதைச் செய்கிறார்களாம். இது உண்மையில் பலன் தருகிறதா? தருமென்றால் நமக்காக ஏன் ஒருவரும் கேட்கவில்லை? எங்கள் ஊர் விவசாயிகள் சேர்ந்து மனுக் கொடுக்க இருக்கிறோம். கையெழுத்து வாங்குவதற்கு முன் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹட்டனில் பிறந்து கல்கரியில் வாழ்பவன்

தங்கச்சி, படிக்கும்போதே மனம் கனத்துப்போனது. நான் இருக்கும் கனடாவின் அல்பேர்ட்டாவிலும் இந்த விமானங்கள் பறக்கின்றன. 1991 செப்டெம்பரில் கல்கரியில் விழுந்த ஆலங்கட்டியால் பெரும் நட்டம் ஏற்பட்டது. அதன் பிறகு காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து பணம் போட்டு 1996இல் இதைத் தொடங்கின. அவர்கள் காப்பது வீட்டுக் கூரைகளையும் கார்களையும்தான், பயிரை அல்ல. விமானங்கள் இருந்தும் 2020 ஜூன் 13 அன்று கல்கரியின் வடகிழக்கில் விழுந்த ஆலங்கட்டி 100 கோடி டாலருக்கு மேல் சேதம் செய்தது. என் வீட்டுச் சுவரின் ஒரு பக்கம் முழுவதும் ஓட்டை. விமானம் இல்லாதிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். அதை எப்படி அளப்பது?

பண்டாரவளை புவியியல் ஆசிரியர்

மகள், மனு எழுதுவதற்கு முன் கேட்டது நல்லது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேகத்துக்குள் பூச்சியப் பாகைக்குக் கீழே போயும் உறையாத நீர்த்துளிகள் கோடிக்கணக்கில் இருக்கும். மேலெழும் காற்று ஒரு சிறு பனிக்கருவைத் தூக்கிப் பிடித்தால் அந்த நீரெல்லாம் அதன்மேல் படிந்து உறைந்து கட்டியாகிறது. விமானம் தூவும் வெள்ளி அயடைட்டின் பளிங்கு அமைப்பு பனிக்கட்டியினுடையதை ஒத்தது. ஆகவே கருக்கள் பல மடங்காகின்றன. இருக்கிற நீரை ஆயிரம் கருக்கள் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொன்றும் சிறிதாகவே வளரும், விழும் வழியில் கரைந்துவிடும். எண்ணம் இதுதான். ஆனால் 1970களில் கொலராடோவில் பெரும் செலவில் நடத்திய ஆய்வில் ஆலங்கட்டி குறைந்ததாக நிறுவ முடியவில்லை. மழையைக் கூட்டுவதற்குச் சான்று இதைவிட மேல். மகாராஷ்டிராவின் சோலாப்பூரில் இந்திய விஞ்ஞானிகள் செய்த சோதனையில் சுமார் 18 வீதம் கூடியதாகக் கண்டார்கள்.

இனி நம் மலைக்கு வருவோம். நமது வானத்தில் உறைநிலை ஏறக்குறைய 5,000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்புக்கு மேலே உருவாகும் கட்டி அந்தத் தூரம் முழுவதும் வெப்பக் காற்றில் விழுந்து பெரும்பாலும் தண்ணீராகிவிடும். நுவரெலியாவோ ஏறக்குறைய 1,900 மீற்றரில் இருக்கிறது. கட்டி கரைய வேண்டிய தூரம் உங்களுக்கு மூவாயிரம் மீற்றர் சொச்சந்தான். அதனால்தான் மார்ச், ஏப்ரல் இடிமழையில் நம் தலையில் அதிகமாகக் கல் விழுகிறது.

விமானி மேகத்தின் அடிவயிற்றில், காற்று மேலெழும் இடம் பார்த்துப் பறக்க வேண்டும். டகோட்டா சமவெளியில் அது முடியும். இங்கே பிற்பகல் இரண்டு மணிக்கு மேகத்தின் அடி மலைமுகட்டில் உட்கார்ந்திருக்கும். பீதுருதலாகலை 2,524 மீற்றர். அந்த மூடுபனிக்குள் ஒரு பிள்ளையை விமானத்தோடு அனுப்பச் சொல்லி என்னால் கையெழுத்திட முடியாது. ஒரு மலைக்கு மேலே திரண்டு அரை மணி நேரத்தில் ஓய்ந்துவிடும் மேகம் வேறு. விமானம் கொழும்புப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்திலிருந்து வந்து சேர்வதற்குள் உங்கள் கோவா போயிருக்கும்.

மஸ்கெலியா தோட்டத்துப் பிள்ளை

இங்கே விமானம் வந்திருக்கிறது அக்கா. 2019 மார்ச்சில், வரட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றியபோது, தாய்லாந்து நிபுணர்களின் உதவியோடு விமானப்படையின் வை-12 விமானம் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துப் பக்கம் மேகத்தில் தூவியது. மழையும் பெய்தது. ஆனால் அது மின்சாரத்துக்கான மழை. தண்ணீர் இறங்கி, நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரிந்தால் எல்லாரும் ஓடி வருகிறார்கள். அதே வரட்சியில் தேயிலைக் கொழுந்து இல்லாமல் எங்கள் அம்மாவுக்கு அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போடுவதைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை.

இன்னொன்றையும் மனுவில் மறக்காதீர்கள். 2014 மண்சரிவில் மீரியபெத்தைத் தோட்டத்து லயன் வீடுகளோடு மண்ணுக்குள் போனவர்கள் நம்மவர்கள். மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாட்களில் மழையைக் கூட்டும் எந்த வேலையும் கூடாது.

பண்டாரவளை புவியியல் ஆசிரியர்

தம்பி சொல்வது மிகவும் சரி. மகள், இப்போதைக்கு ஒரு வேலை: கோவாவின் குருத்தைப் பாருங்கள். இன்னும் உருண்டை பிடிக்காத இளங்கன்றில் குருத்து உடையாமல் இருந்தால் மீளும். உருண்டை பிடித்து அடிபட்டதை அழுகுவதற்கு முன் வெட்டி விற்றுவிடுங்கள். லீக்ஸ் அடியிலிருந்து வளர்வது, வேர் அசையாவிட்டால் புது இலை விடும். இமாசலப் பிரதேசத்தில் அப்பிள் மரங்களுக்கு மேலே வலை கட்டுகிறார்கள். உங்களுக்கு நாற்றுமேடைக்காவது அது கட்டுபடியாகும்.

கந்தப்பளை மரக்கறித் தோட்டம்

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி இன்று காலை போய்ப் பார்த்தேன். மேல் பாத்திகளில் பின்னால் நட்ட கன்றுகளில் பாதிக்கு மேல் குருத்து நன்றாக இருக்கிறது. கீழ்ப் பாத்தியை நாளை வெட்டுகிறோம், கிடைக்கிற விலைக்கு. மனுவில் விமானம் என்ற சொல்லை அடித்துவிட்டேன். வலைக்கு மானியம், ஆலங்கட்டிக்கும் பயிர்க் காப்புறுதி என்று மாற்றியிருக்கிறேன். குத்தகைக் காணி வைத்திருப்பவர்களையும் அதில் சேர்க்க வேண்டும் என்று தனியாக எழுதினேன், ஏனென்றால் எங்கள் பெயரில் உறுதிப் பத்திரம் இல்லை. தம்பி, மீரியபெத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் மேடுதான்.

அந்த வலை நுவரெலியா, வெலிமடைப் பக்கம் எந்த அகலத்தில் கிடைக்கிறது, எத்தனை போகத்துக்குத் தாங்கும் என்று வாங்கியவர்கள் யாராவது எழுதுங்கள்.