நாய்கள் காப்பகத்தில் வாரம் ஒரு நாள் உதவ விரும்புகிறேன். பழகியவர்கள் வழி சொல்லுங்கள்

வில்லாபுரத்துக்காரன்:
வணக்கம். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன்; செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. எங்கள் வீட்டில் பதினோரு ஆண்டுகள் இருந்த சிப்பிப்பாறை நாய் சென்ற மாசியில் இறந்துவிட்டது. இன்னொன்றை வளர்க்க மனம் வரவில்லை. நாய் இல்லாத வாசலைப் பார்க்கவும் முடியவில்லை. ஆகவே ஊருக்கு வெளியே உள்ள ஒரு காப்பகத்துக்கு ஒரு முறை போய்வந்தேன். அங்கே மூலைக் கூண்டில் ஒரு செவலைப் பெண் நாய் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தது. பிஸ்கட்டை நீட்டி அரைமணி நேரம் கூப்பிட்டும் அது திரும்பவில்லை. நான் கூப்பிடக் கூப்பிட அதன் உடல் நடுங்கியது. நான் செய்ததில் என்ன தவறு? கடிபட்டால் என்ன செய்வது என்று என் மனைவி அஞ்சுகிறார். அவருக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும்.

ஆனையூர் அக்கா:
முதலில் உங்கள் மனைவிக்கான பதில். காப்பகத்தில் கைவைக்கும் முன்பே வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மூன்று தவணையாகப் போட்டுக்கொள்ளுங்கள்: முதல் நாள், 7-ஆம் நாள், பிறகு 21 அல்லது 28-ஆம் நாள். இப்படி முன்கூட்டியே போட்டவருக்குப் பின்னாளில் கடிபட்டால், அன்றைக்கு ஒன்றும் 3-ஆம் நாள் ஒன்றுமாக இரண்டு ஊசி போதும். காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்பொருள் ஊசி) தேவைப்படாது. ஆனால் முன்பே ஊசி போட்டிருக்கிறோம் என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. கடித்தாலோ நகம் கீறினாலோ உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

இரண்டாவது, செருப்பு. காப்பகத்துக்கென்று தனியாக ஒரு ரப்பர் செருப்பு வைத்துக்கொண்டு அதை அங்கேயே விட்டுவிடுங்கள். குட்டிகளைக் கொல்லும் பார்வோ கிருமி மண்ணிலும் செருப்பிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பினாயில் அதை ஒன்றும் செய்யாது. மலத்தை முழுவதும் அள்ளி, தரையைத் தேய்த்துக் கழுவிய பிறகு ப்ளீச்சிங் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் அதன் வீரியம் போய்விடும். ஆறு ஆண்டுகளாகப் போய்வருகிறேன். என் நேரத்தில் பாதி இந்தக் கழுவலில்தான் போகிறது, அதில் எனக்குச் சிறிதும் வருத்தமில்லை.

ஓய்வுபெற்ற கால்நடை உதவியாளர், திருமங்கலம்:
அக்கா சொன்னவை அனைத்தும் சரி. அந்தச் செவலை நாயைப் பற்றி நான் சொல்கிறேன். கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்கின்றன. ஆகையால் நான் உதவும் காப்பகத்தில் நெடுநாள் தங்குபவை பெரும்பாலும் நான்குவழிச் சாலையில் அடிபட்டவை, முதுமையால் கைவிடப்பட்டவை, மனிதரிடம் அடி வாங்கியவை. உங்கள் வீட்டு நாய்க்கு உங்கள் குரல் ஆறுதலாக இருந்தது. அந்தச் செவலைக்கோ நேருக்கு நேர் நின்று, கண்ணைப் பார்த்து, கை நீட்டி அழைக்கும் மனிதர் ஓர் அச்சுறுத்தல்.

அடுத்த முறை கூண்டுக்கு வெளியே பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். அழைக்காதீர்கள், பார்க்காதீர்கள், செய்தித்தாளை முணுமுணுப்பாக வாசித்துக்கொண்டிருங்கள். எழும்போது தீனியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு வந்துவிடுங்கள். உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது ஆகியவை "விலகிப் போ" என்று அது சொல்லும் முறைகள். இவற்றை மதிக்காதவரிடம்தான் அது உறுமவும் கடிக்கவும் நேர்கிறது. வால் ஆடுவதையும் உடனே நட்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உடல் விறைத்து, வால் உயர்ந்து நின்று ஆடினால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட, செவ்வாய் தவறாமல் அதே நேரத்துக்குப் போங்கள். இரண்டு வாரம் வந்து மூன்றாம் வாரம் நின்றுவிடுபவரைவிட, வராமலே இருப்பவர் மேல் என்பது என் உறுதியான கருத்து.

சமையல்காரி, மேலூர்:
வீட்டில் மிஞ்சிய குழம்புச் சோற்றை அன்போடு கொண்டுவருபவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாகப் பிளந்து குடலைக் குத்தும். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த அரிசியும் எலும்பு நீக்கிய கோழியும் போதும்.

வில்லாபுரத்துக்காரன்:
மூவருக்கும் நன்றி. முதல் ஊசி போட்டுவிட்டேன். மூன்றும் முடிந்த பிறகே வேலையைத் தொடங்குவேன். செவ்வாய் மதியம் நாய்களை நடக்கக் கூட்டிப்போகலாமா?

ஆனையூர் அக்கா:
சித்திரை வெயிலில் மதியம் வேண்டாம், தம்பி. நாய்க்கு வியர்வை பெரும்பாலும் பாதத்தில் மட்டுமே. மூச்சிரைத்துத்தான் அது உடம்பைத் தணித்துக்கொள்ள வேண்டும். புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஏழு விநாடி பொறுக்க முடியாவிட்டால் அதன் பாதமும் பொறுக்காது. காலை ஏழு மணிக்கு வந்துவிடுங்கள். மதியத்தில் தண்ணீர்த் தொட்டிகளைத் தேய்த்து நிரப்பும் வேலை இருக்கிறது. அதற்குத்தான் எங்களுக்கு எப்போதும் ஆள் போதுவதில்லை.