தறிக்குழிக்குள்ளேயே ஒண்ணுக்குப் போகும் நாய்க்குட்டி, எப்படிப் பழக்குவது?

அம்மாபேட்டை_தறிவீடு:
வணக்கம். வாழப்பாடிப் பக்கம் மாமா தோட்டத்திலிருந்து ஒரு நாட்டு நாய்க்குட்டி கொண்டுவந்து பத்து நாள் ஆகிறது. செவலை, வயது இரண்டு மாதம், பெயர் மணி. எங்களுடையது வரிசை வீடு. முன்னால் தெரு, பின்னால் அடுத்த வீட்டுச் சுவர், காலி இடம் என்றால் மொட்டை மாடி மட்டும்தான். கூடத்தில் அப்பாவின் குழித்தறி (தரையில் தோண்டிய குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்து மிதித்து நெய்யும் கைத்தறி), இப்போது வெண்பட்டு வேட்டி ஓடுகிறது. மணியை எங்கே விட்டாலும் கடைசியில் அந்தக் குழிக்குள் இறங்கித்தான் ஒண்ணுக்குப் போகிறான். அப்பா காலையில் மிதியில் கால் வைத்தால் ஈரம், நாற்றம். மேலே இருப்பது வெள்ளைப் பட்டுப் பாவு (தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்), ஈரக் காலோடு ஓடி அதில் ஒரு கறை பட்டாலும் வேட்டி போச்சு.

மாடிக்குக் கூட்டிப்போய் அரை மணி நேரம் நின்றாலும் போக மாட்டான், கீழே இறக்கிவிட்ட அடுத்த நிமிடம் குழிதான். பேப்பர் விரித்தேன், கிழித்து விளையாடுகிறான். மூக்கை அதிலேயே தேய்த்து இரண்டு போடு என்கிறார் பாட்டி. நேற்று கோபத்தில் நானும் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டேன், அதிலிருந்து நான் கிட்டே போனாலே காதை மடக்கிக்கொண்டு பீரோவுக்கு அடியில் போய்விடுகிறான், பார்க்கவே வயிற்றைப் பிசைகிறது. வரும் ஞாயிறு வரை பார்ப்பேன், இல்லையென்றால் தோட்டத்திலேயே கொண்டுபோய் விடு என்று அப்பா சொல்லிவிட்டார். வழி சொல்லுங்க.

கொண்டலாம்பட்டி_அக்கா:
தம்பி, முதலில் அந்தத் தட்டுவதை நிறுத்துங்கள். இரண்டு மாதக் குட்டிக்கு எதற்கு அடி வாங்கினோம் என்று தெரியாது. உங்களைப் பார்த்தால் ஆபத்து என்று மட்டும்தான் பதியும், அப்புறம் உங்கள் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால் என்று ஒளிந்து ஒளிந்து போவான்.

இந்த வயதில் இரண்டு மணி நேரம், மிஞ்சினால் மூன்று மணி நேரம்தான் அடக்க முடியும். மாதத்துக்கு ஒரு மணி நேரம் என்று தோராயமாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்டுக் கால் மணி நேரத்துக்குள், ஓடி விளையாடி முடித்ததும், இந்த மூன்று நேரமும் தவறாமல் தூக்கிப் போங்கள். நடத்திக் கூட்டிப் போகாதீர்கள், படிக்கட்டிலேயே போய்விடுவான். இது தவிர அவனே காட்டிக்கொடுப்பான்: விளையாடிக்கொண்டிருந்தவன் சட்டென்று விட்டுவிட்டு மூக்கைத் தரையில் வைத்து ஒரே இடத்தைச் சுற்ற ஆரம்பித்தால் உங்களுக்கு ஐந்தாறு நொடிதான் இருக்கிறது. போய் முடித்த அந்த நொடியே நல்லா தட்டிக்கொடுத்து வேகவைத்த முட்டையில் நகத்தளவு கொடுங்கள். கீழே வந்து கொடுத்தால் படி இறங்கியதற்குக் கிடைத்தது என்று நினைத்துக்கொள்வான்.

ஏற்காட்டுக்_குளிர்:
அக்கா சொன்ன நேரக்கணக்கு சரி. ஆனால் எனக்கு அந்தக் குழி விஷயம்தான் உறுத்துகிறது. மணி தோட்டத்தில் பிறந்தவன், கண் திறந்ததிலிருந்து காலுக்கு அடியில் மண்தானே? உங்கள் வீட்டில் தரை டைல்ஸோ சிமெண்டோ, மாடியும் சிமெண்ட். மொத்த வீட்டிலும் மண் தட்டுப்படும் ஒரே இடம் தறிக்குழி. அவன் தப்பு செய்வதாக எனக்குப் படவில்லை, சின்ன வயதில் எந்தத் தரையில் போய்ப் பழகினானோ அதைத் தேடிப் போகிறான், அவ்வளவுதான். அதுவும் சேலம் வெயிலில் மாடி சிமெண்டில் மத்தியானம் நாமே வெறுங்காலோடு நிற்க முடியாது, அந்தப் பிஞ்சுப் பாதம் என்ன செய்யும்?

எனக்கு இங்கே நேர் எதிரான பிரச்சினை. 1,500 மீட்டர் உயரம், ஐப்பசி கார்த்திகையில் தூறலும் பனியும் விடாது. எங்கள் குட்டி வாசற்படி வரை வந்து ஒரு முன்னங்காலை மட்டும் ஈரப் புல்லில் வைத்துப் பார்த்துவிட்டு உதறிக்கொண்டே உள்ளே ஓடிவந்து அடுப்படியில் போய்விடும். சில்வர் ஓக் மரத்தடியில் நாலு குச்சி நட்டு மேலே தார்ப்பாய் கட்டி, கீழே காய்ந்த மண் போட்டு, நானும் கூடவே போய் நின்றேன். பத்து நாளில் அந்த இடம் அதற்குப் பழகிவிட்டது, முழுசாக நம்பி விட ஆறு மாத வயது ஆனது. நீங்களும் மாடியில் நிழல் விழும் மூலையில் பழைய சிமெண்ட் கலவைத் தட்டில் நாலு விரல் உயரத்துக்கு மண் போட்டு வைத்துப் பாருங்கள். குழியில் ஈரமான மண் ஒரு பிடி எடுத்து அதில் கலந்துவிட்டால் அந்த வாசமே அவனைக் கூப்பிடும்.

குகை_வாசகன்:
சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் வைக்காதீங்க, ராத்திரித் தொல்லை பாதி குறையும். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம்.

அஸ்தம்பட்டி_கிளினிக்_உதவியாள்:
தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள், இந்த ஊர் வெக்கைக்குக் குட்டி சீக்கிரம் வாடிவிடும். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்துவிட்டு, படுக்கும் முன் ஒரு தடவை, நடுவில் அலாரம் வைத்து ஒன்று அல்லது இரண்டு தடவை தூக்கிப் போங்கள். அந்த நேரத்தில் விளக்கைப் போட்டுக் கொஞ்சாதீர்கள், விளையாட்டு என்று நினைத்து விடிய விடிய எழுப்புவான்.

தட்டுக்கு மண் எடுக்கும்போது கவனம். தெருநாய் நடமாடும் இடத்து மண் வேண்டவே வேண்டாம். குட்டிகளுக்குக் கடும் வாந்தி பேதி வரவைக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தடுப்பூசி முடியாத குட்டிக்கு அது எமன். நர்சரியில் பூந்தொட்டிக்கு விற்கும் செம்மண் போதும். ஊசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை போகும், வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில். அதுவரை தெருவில் இறக்காதீர்கள்.

குழிக்குள் பினாயில் ஊற்றியிருந்தால் நிறுத்துங்கள். பாதத்தில் ஒட்டியதை அவன் நக்குவான், கறுப்பு பினாயில் குட்டிக்கு விஷம். மண் தரையைக் கழுவியும் பயனில்லை. நனைந்த மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு ஆப்ப சோடா தூவி, புது மண் போட்டுக் கெட்டிப்படுத்துங்கள். டைல்ஸில் போனால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைக்கலாம். அப்புறம் இன்னொன்று, சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனாலோ போகும்போது முனகினாலோ பழக்குவதை விட்டுவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள், சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம்.

அம்மாபேட்டை_தறிவீடு:
எல்லோருக்கும் நன்றி. இன்று ஆறாவது நாள். குழி மண் என்ற விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. செம்மண் தட்டு வைத்த முதல் நாள் மோந்து பார்த்துவிட்டு அதிலேயே படுத்துவிட்டான். மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்குத் தூக்கிப் போனேன், கண்ணைக்கூட முழுசாகத் திறக்காமல் மண்ணில் இரண்டு சுற்று சுற்றி, பின்னங்காலைத் தாழ்த்திப் போனான். முட்டையைக் கொடுத்தபோது விரலையும் சேர்த்து நக்கினான், என்னைப் பார்த்துக் காதை மடக்கவில்லை.

குழியைச் சுரண்டிப் புது மண் போட்டாயிற்று, தறி ஓடாத நேரம் அப்பா பலகை போட்டு மூடிவிடுகிறார். நேற்று முழுக்க ஒரே ஒரு தடவைதான் தவறு, அதுவும் விருந்தாளி வந்ததில் நான் நேரத்தை விட்டுவிட்டேன். ஞாயிறு என்ற பேச்சை அப்பா எடுக்கவில்லை. ஏற்காட்டு அண்ணா, மழை வந்தால் தட்டு சேறாகிவிடும் போலிருக்கிறதே, அந்தத் தார்ப்பாயை எவ்வளவு உயரத்தில் கட்டினீர்கள்?

ஏற்காட்டுக்_குளிர்:
என் இடுப்பு உயரம். ஒரு பக்கம் சாய்த்துக் கட்டுங்கள், தண்ணீர் தேங்காது. தட்டின் அடியில் நாலைந்து ஓட்டை போட்டு இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். வாரம் ஒருமுறை மண்ணை மாற்றும்போது பழைய மண் ஒரு கை மட்டும் மிச்சம் வையுங்கள்.