மாடிப்படி மேல்முனைத் தடுப்புக் கேட் காரைச் சுவரில் நிற்கவில்லை, வழி சொல்லுங்கள்

இடம் செங்கோட்டை. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டின பழைய வீடு. குழந்தைக்கு 11 மாதம், தவழ்ந்து படிவரை வந்துவிடுகிறாள். மேல்முனை இடைவெளி 36 அங்குலம்: ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் 2 அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருண்டைத் தூண்.

முதலில் திருகி இறுக்கும் பிரஷர் கேட் வைத்தோம். உருண்டைத் தூணில் அதன் ரப்பர் தலை வழுக்குகிறது. அடியில் குறுக்குக் கம்பி வேறு. பெரியவர்கள் கால் தடுக்கினால் நேரே படியில்தான் விழவேண்டும். மேல்முனைக்கு அந்த வகை ஆகவே ஆகாது. இரண்டு பக்கமும் சுவர் உள்ள கீழ்முனைக்கு மாற்றிவிட்டோம்.

அடுத்து ஸ்குரூ போடும் கேட். தூண் பக்கம் யூ கிளாம்பில் மரக்கட்டையைப் பிடித்தாயிற்று, அது அசையவில்லை. சுவர்தான் பாடாய்ப் படுத்துகிறது. 8 மி.மீ. துளை போட்டால் காரை மாவாக உதிர்ந்து, விரல் நுழையும் அளவு அகன்றுவிடுகிறது; ஸ்குரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக் உள்ளேயே சுற்றுகிறது. சிமெண்ட் அடைத்து, 3 நாள் தண்ணீர் காட்டித் திரும்பப் போட்டோம். திறந்து மூடிய ஆட்டத்தில் பத்தே நாளில் அடைப்பு முழுசாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. சாரல் காலம், சுவரும் ஈரம் குடித்திருக்கிறது.

கைப்பிடியில் படுக்கைக் கம்பிகள். பிள்ளை ஏணியாக ஏறிவிடும் என்று உள்பக்கம் வலை கட்டியாயிற்று, 6 அங்குலத்துக்கு ஒரு கேபிள் டை.

கீல் தாங்க 3 அடித் தேக்குப் பலகை (4 அங்குல அகலம், 1½ கனம்) இருக்கிறது. செங்கல்வரை துளைத்து, வலை உறையோடு (பசையைத் துளைக்குள் பிடித்துவைக்கும் சல்லடைக் குழாய்) கெமிக்கல் ஆங்கர், அதாவது பசை நிரப்பி அதில் போல்ட்டை இறுகவைக்கும் பிடிப்பு, போட்டால் இந்தச் சுவரில் நிற்குமா, இல்லை தரையில் தனித் தூண் ஊன்றத்தான் வேண்டுமா?