புதுப்பிப்பு: டேங்க் நிறைந்தும் காலியிலேயே கிடந்த பெட்ரோல் முள் சரியாகிவிட்டது

அப்பாவின் 1996 மாடல் காரில் எவ்வளவு பெட்ரோல் போட்டாலும் முள் எழும்பவில்லை, மீட்டரை மாற்றவா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"மீட்டரைத் தொடாதீர்கள், முதலில் எர்த்தைப் பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. (எர்த் என்றால் மின்சாரம் திரும்பிப் போக ஒயரைக் கார் பாடியோடு இணைக்கும் இடம்.) பின் சீட்டைத் தூக்கி, டேங்க் ஃப்ளோட்டுக்கு (பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் மிதவை) போகும் சிக்னல் ஒயரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து பாடியில் தொட்டேன். முள் மெல்ல ஏறி ஃபுல்லில் நின்றது. மீட்டர் நல்லதுதான். (சில கார்களில் இது தலைகீழாக இருக்கும், பாடியில் தொட்டால் முள் காலிக்குப் போகும்.) அப்புறம் பேட்டரியைக் கழற்றிவிட்டு எர்த் ஸ்க்ரூவைத் திருகினால், ஒயர் முனையிலுள்ள வளையம் முழுக்கத் துரு. அதையும் அடியில் இருந்த தகரத்தையும் உப்புத்தாளால் வெள்ளை தெரியும்வரை தேய்த்து இறுக்கினேன். ஃப்யூஸ், ஃப்ளோட் எதையும் மாற்றவில்லை.

எதிர்பாராதது ஒன்று: ஃப்ளோட் மூடியில் கசிவைத் தடுக்கும் ரப்பர் கேஸ்கட் காய்ந்து வெடித்திருந்தது. டேங்க் நிறைந்த நாட்களில் உள்ளே வந்த பெட்ரோல் வாடை அதனால்தான். மெக்கானிக் புதுசு போட்டதும் வாடை நின்றது. உங்கள் காரிலும் வாடை இருந்தால் ஒயரைத் தொட்டுப் பார்க்கும் சோதனை வேண்டவே வேண்டாம். பொறி பட்டால் ஆபத்து. முதலில் கேஸ்கட்டை மாற்றுங்கள்.